திரையில் வந்த தமிழ்

கர்நாடகத்துத் தங்கச் சுரங்க ஊரான பாலகாட்டில் கன்னட வழிப் பள்ளி ஆசிரியை நான். தேசியத் திறன் தேர்வை இம்முறை டேப்லெட்டில் வைத்தார்கள். முதலில் எந்த மொழியில் வேண்டும் என்று திரை கேட்டது. எல்லாம் தமிழ்ப் பிள்ளைகள்தானே என்று எல்லாவற்றிலும் தமிழைத் தொட்டு வைத்தேன்.

தேர்வு தொடங்கியதும் ஸ்டெல்லா எழுந்தாள். "இன்னா டீச்சர் இது? படிக்க வரல."

"பேசக்கூடாது, உக்காரு!" என்று அதட்டினேன்.

நேரம் முடிந்து திரை பூட்டிக்கொண்ட பிறகுதான் எனக்கு உறைத்தது. வீட்டில் தமிழ் பேசினாலும் அவர்களுக்குத் தமிழ் எழுத்து தெரியாது. நாங்கள் கற்றுத்தந்தது கன்னடம்தான்.

வகுப்பு முழுவதற்கும் 'வாசிக்கத் தெரியாது' என்று அறிக்கை வந்தது. திருத்த வழியில்லை என்றார்கள்.

இப்போதெல்லாம் தேர்வைத் தொடங்குமுன் முதல் வரியைப் பிள்ளைகளையே சத்தமாகப் படிக்கச் சொல்கிறேன். புரியாததைக் கேளுங்கள் என்றும் சொல்கிறேன். ஸ்டெல்லா மட்டும் எதையும் கேட்பதில்லை.