ரத்தம் ஊறச் சொல்லும் குறிப்பு

“…ஒரு புட்டி போதுமுங்க கண்ணு. மிச்சத்த அவ ஒடம்பே பாத்துக்கும்.”

வெள்ளக்கடை கிராமத்து ஆரஞ்சு விவசாயி ஒருவர், ஜீப் ஸ்டாண்டை ஒட்டியிருந்த என் ரேடியோ ரிப்பேர் கடை வாசலில் நின்று என் தங்கச்சியிடம் கேட்டது இது. அவருடைய மகளுக்கு உடம்பில் ரத்தம் ஊறுவது நின்றுவிட்டது. மாதாமாதம் மலையிறங்கிச் சேலத்துக்குக் கூட்டிப்போய் ரத்தம் ஏற்றிக்கொண்டு வருவார்.

தப்பு என்னுடையது. எண்பதுகளின் நடுவில் நடந்த கதை. எட்டாவதோடு நின்றவன் நான். தங்கச்சியோ பெங்களூரில் ஆராய்ச்சி செய்துகொண்டிருந்தாள்; அப்போது லீவுக்கு வந்திருந்தாள். பேட்டரி வாங்க வந்தவரைக்கூட அவள் பெருமை பேசாமல் விடமாட்டேன். “ரத்தம் பெருக்குற மருந்து எங்க ஊட்டுப் புள்ள கண்டுபுடிச்சிருச்சுங்க” என்று நான் சொன்னது மலை முழுக்கப் போயிருந்தது. “அப்ப இனி மூட்டைப்பூச்சியெல்லாம் உங்க கடையிலதான் வரிசை கட்டும்” என்று டீக்கடைக்காரர் கிண்டலடித்தும் நான் அடங்கவில்லை.

தங்கச்சி என்னை ஒரு பார்வை பார்த்தாள். ஸ்டூலை இழுத்து அவரை உட்காரவைத்தாள்.

“அய்யா, மருந்து இன்னும் ஆகலைங்க. புது ரத்தம் ஊறச் சொல்லி நம்ம ஒடம்பே ஒரு சத்தைச் சுரக்குது. அதைச் செய்யற குறிப்பு உயிரணுவுக்குள்ள இருக்கு. ஜீன்னு பேரு. அதை எடுத்து பாக்டீரியாவுக்குள்ள வச்சா, அது பெருகப் பெருகக் குறிப்பும் பெருகும், சத்தையும் செஞ்சு குடுக்கும். நாங்க இப்பப் புடிச்சிருக்கறது எலியோட குறிப்பு.”

“எலியோடதுங்களா!”

“மனுசனோடதும் அதே சாடைதானுங்க. ஆனா மருந்தாக வருசக்கணக்காகும். வந்தாலும் உங்க புள்ளைக்குக் கேக்குமான்னு எனக்குத் தெரியாதுங்க.”

நானாக இருந்தால், “வந்துருமுங்க, கவலைப்படாதீங்க” என்று சொல்லி அனுப்பியிருப்பேன். அவள் ஒரு சொல்கூடக் கூட்டவில்லை. எலி ஜீனைப் பிடித்ததற்கு நான் அடித்த தம்பட்டமெல்லாம் அந்தப் பேச்சுக்கு முன்னால் ஒன்றுமேயில்லை. நெஞ்சு நிறைந்துவிட்டது எனக்கு.

அவர் ஸ்டூலிலிருந்து எழுந்தார்.

“மருந்து வருதுன்னு நேத்தே புள்ளைகிட்டச் சொல்லிப்போட்டேனுங்க. இல்லைன்னு சொல்ல எனக்கு வாய் வராது. இதே மாதிரி நீங்களே வந்து சொல்லோணும் கண்ணு.”

“வர்றேனுங்க” என்று தங்கச்சி செருப்பை மாட்டினாள்.

வெள்ளக்கடை போகிற ஜீப் கிளம்பத் தயாராக நின்றது. அதன் முன்சீட்டு எப்போதும் எஸ்டேட்டில் கணக்கெழுதும் ரைட்டருக்குத்தான். யாரும் எழுதிவைக்காத சட்டம். அன்றும் அவர் ஏறி உட்கார்ந்திருந்தார். விவசாயி நேரே போய், “ஏனுங்க ரைட்டரே, இன்னிக்குக் கொஞ்சம் பின்னால வாங்க” என்று அவரை இறக்கினார். தோள் துண்டை உதறி அந்தச் சீட்டில் விரித்தார். தங்கச்சி ஏறி உட்காரும்வரை கதவைப் பிடித்துக்கொண்டே நின்றார்.