றொஷான் தேய்த்தழித்த பெயர்

இது நடந்தது. மன்னார்க் கரையில், தாழ்வுபாட்டில், போன வருடம், சோளகக் காற்று மணலை வாரி முகத்தில் அடிக்கிற மாதங்களில் நடந்தது. பேய் என்றவுடன் நடுச்சாமத்தையும் சுடுகாட்டையும் எதிர்பார்க்கிறவர்கள் இப்போதே எழுந்து போகலாம். இது நல்ல உச்சி வெயிலில், அடுப்பில் சோறு கொதித்துக்கொண்டிருக்கும்போது நடந்தது. நம்பச் சொல்லி யாருடைய கையையும் பிடித்து இழுக்கவில்லை. சிரிக்கிறவர்கள் ஒருநாள் மத்தியானம் அந்த வீட்டு விறாந்தையில் தனியே இருந்து பார்த்துவிட்டுச் சிரிக்கட்டும்.

றொஷான் ஓலைத்தொடுவாய்ப் பெடியன். சுவேதினியைக் காதலித்துக் கட்டி, தாழ்வுபாட்டில் அவளுடைய தாய் செலீனாவின் வீட்டோடு வந்து சேர்ந்தவன். இரவில் கடலுக்குப் போவான். காலையில் மீனைக் கொடுத்துவிட்டு வந்து மத்தியானத்தில் படுப்பான். சுவேதினிக்கு மன்னார் ரவுனில் ஒரு புடவைக்கடையில் வேலை. செலீனா கரையில் கருவாடு காயப்போடுவார். குறை சொல்ல ஒன்றுமில்லாத குடும்பம், ஒரு அறையைத் தவிர.

அது சுவேதினியின் அண்ணன் இன்பாஸின் அறை. யுத்தம் நடந்துகொண்டிருந்த 2008ஆம் ஆண்டு வீட்டை விட்டுப் போனவன் போனவன்தான். எங்கே போனான், என்ன ஆனான் என்று ஒருவரும் வந்து சொல்லவில்லை. செலீனா ஏறி இறங்காத கந்தோர் இல்லை, மகனுடைய படத்தைப் பிடித்துக்கொண்டு நிற்காத தெரு இல்லை. அவனுக்காக ஒரு ஆத்துமப் பூசை கொடுக்கச் சொல்லிச் சொந்தக்காரர் வாய் நோகச் சொன்னார்கள். ஆத்துமப் பூசை செத்தவர்களுக்குத்தானே? சொன்னவர்களோடு செலீனா பேச்சை நிறுத்திக்கொண்டார். கிழமைக்கொரு தடவை அறையைக் கூட்டுவார், படுக்கை விரிப்பை மாற்றுவார், திரும்பவும் பூட்டுவார்.

இந்த அறையில்தான் றொஷானின் கண் விழுந்தது. அதற்குக் காரணம் கனடாவில் இருக்கிற அவனுடைய மச்சான் டினேஷ். டினேஷுக்குப் பழைய ஆமித் துவக்குகள் சேர்க்கிற பைத்தியம். எந்தெந்த நாட்டுப் பட்டாளங்களோ பாவித்துக் கழித்துவிட்டவை. அவனிடம் லைசென்ஸ் இருக்கிறது, அவற்றைப் பூட்டி வைக்க இரும்பு அலுமாரி இருக்கிறது, கேட்பதற்கு ஆளில்லாத புத்திமதிகளும் நிறைய இருக்கின்றன. அதையெல்லாம் வாட்ஸப்பில் றொஷானுக்குப் பேசி அனுப்புவான்.

"மச்சான், புதுசாச் சேர்க்கத் தொடங்கிறவன் எப்பவும் இந்தப் பிழையளைத்தான் விடுவான். விக்கிறவன் சொல்லுற கதையை நம்பிச் சாமானை வாங்குவான். குழலுக்குள்ளை லைற் அடிச்சுப் பாராமல் வாங்குவான். அதைவிடப் பெரிய பிழை, வீட்டை கொண்டு வந்து மினுக்குவான். மினுக்காதை. அதிலை கிடக்கிற இலக்கம், கீறல், ஆரோ ஒருத்தன் கத்தியாலை வெட்டின பேர்... அதுதான் சாமான். மற்றது வெறும் மரமும் இரும்பும்."

கேட்கக் கேட்க றொஷானுக்கும் தொற்றிவிட்டது. ஆனால் அவன் விசரன் இல்லை. இங்கே ஒரு வெற்றுத் தோட்டா வீட்டில் கிடந்தாலே வாசலில் ஜீப் வந்து நிற்கும். அதனால் வெடிக்காதவற்றை மட்டும் சேர்த்தான். துருப்பிடித்த தண்ணீர்ப் போத்தல், தோட்டா இல்லாத ரவைப் பெட்டி, ஓட்டை விழுந்த தலைக்கவசம். கடலில் காற்றாடியைப் பிடித்துப் பலகையில் சறுக்கி விளையாட வருகிற வெள்ளைக்காரருக்கு அடுக்கி வைத்துக் காட்டலாம் என்று ஒரு எண்ணம். எங்கள் யுத்தம் மற்றவர்களுக்குப் படம் பிடிக்க நல்லாய்த்தானே இருக்கிறது.

"மாமி, அந்த அறை சும்மாதானே கிடக்குது?"

"அவன் வந்தால் எங்கை படுப்பான்?"

"கட்டிலை எடுக்கமாட்டன் மாமி. சாமான் அடுக்கச் சுவரிலை ஒரு ராக்கைதான் அடிக்கப்போறன்."

சுவேதினியும் புருஷனோடு சேர்ந்துகொண்டாள். ஒரு கிழமை இழுபறிக்குப் பிறகு செலீனா அறைப் பூட்டின் திறப்பை மேசையில் வைத்தார். அன்றைக்கு முழுவதும் அவர் சாப்பிடவில்லை. அதை அந்த வீட்டில் ஒருவரும் கவனிக்கவுமில்லை.

மன்னாரில் பழைய இரும்பு வாங்கி விற்கிற ஷிஹாப் ஒருநாள் றொஷானைக் கூப்பிட்டு ஒரு மரத்துண்டைக் கொடுத்தான். துவக்கின் சோங்கு, அதாவது தோளில் அணைத்துப் பிடிக்கிற மரப் பாகம். இரும்பு முழுக்கப் போய்விட்டது. கொண்டச்சிப் பக்கத்துக் காட்டிலிருந்து வந்த இரும்புக் குவியலுக்குள் கிடந்ததாம்.

"மரம் எனக்கு எடைக்கு உதவாது அண்ணே. சும்மா கொண்டு போங்கோ."

வீட்டுக்குக் கொண்டு வந்து கிணற்றடியில் கழுவினான். சேறு கரையக் கரைய, ஒரு பக்கத்தில் கீறல்கள் தெரிந்தன. கத்தி முனையால் வெட்டிய எழுத்துகள். தமிழ் எழுத்துகள்.

றொஷான் அதை வெளிச்சத்தில் பிடிக்கவில்லை. பெயர் இருந்தால் விசாரணை வரும் என்று நினைத்தான். மாமி கண்டால் இதையும் தூக்கிக்கொண்டு கந்தோர் கந்தோராக ஏறுவார் என்று நினைத்தான். இரண்டும் நியாயமான பயம்தான். ஆனால் உள்ளே இன்னொரு பயம் இருந்தது. வாசித்துவிட்டால் தெரிந்துவிடும், தெரிந்துவிட்டால் சொல்ல வேண்டி வரும். ஆகவே முகத்தைத் திருப்பிக்கொண்டு சான்ட் பேப்பரை எடுத்துத் தேய்த்தான். மரம் வழவழவென்று வரும்வரை தேய்த்தான். பிறகு வார்னிஷ் பூசி, அறைக்குள் ராக்கையில் வைத்து, படம் எடுத்து டினேஷுக்கு அனுப்பினான்.

டினேஷின் பதில் உடனே வந்தது.

"அழிச்சிட்டியே மச்சான். இனி அது ஆருடையதுமில்லை."

அடுத்த நாள் மத்தியானம், பன்னிரண்டே கால். றொஷான் விறாந்தையில் பாய் போட்டுப் படுத்திருந்தான். மாமி கரையில் நின்றார். சுவேதினி வேலையில். அறைக்குள் ஒரு சத்தம் கேட்டது.

சர்... சர்... சர்...

உள்ளங்கையால் மரத்தைத் தடவுகிற சத்தம். எழுந்து போய்ப் பார்த்தான். அறையில் யாரும் இல்லை. சோங்கு வைத்த இடத்தில் இருந்தது. வார்னிஷில் மட்டும் நாலு விரல் பதிந்த அடையாளம். சரியாக எழுத்து இருந்த இடத்தில். காயாத வார்னிஷில் தானே கை வைத்திருப்பேன் என்று தன்னைச் சமாளித்துக்கொண்டு, மேலே இன்னொரு பூச்சுப் பூசினான்.

மறுநாளும் அதே நேரம். சர்... சர்... இந்த முறை சத்தம் கொஞ்சம் அவசரமாக இருந்தது. எதையோ தொலைத்தவன் தேடுகிற அவசரம். கதவைத் திறந்தபோது சோங்கு ராக்கையில் இல்லை, கட்டிலில் கிடந்தது. செலீனா காலையில் இழுத்துவிட்ட விரிப்பில் ஒரு குழி. யாரோ இருந்து எழும்பிய குழி. கையை வைத்துப் பார்த்தான். வெயில் அந்தக் கட்டிலில் விழுவதே இல்லை. ஆனாலும் குழி சூடாக இருந்தது.

மூன்றாம் நாள் உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டு நின்றான். பயந்தவன் என்று பெயர் எடுக்க விருப்பமில்லை.

வெளியே காற்று நின்றது. சோளகம் அப்படி நிற்காது.

நாய் ஒன்று குரைக்கத் தொடங்கி, பாதியில் விட்டது.

சர்...

அவன் கண்முன்னாலேயே வார்னிஷ் அமுங்கியது. ஒரு விரல். பிறகு இன்னொன்று. மெதுவாக நகர்ந்தன. அந்த இடத்துக்கு வந்து நின்றன. திரும்பவும் தொடக்கத்துக்குப் போயின...

சர்... சர்... சர்...

நின்றது.

காதோரம் மூச்சு.

"எங்கை?"

றொஷான் கடற்கரையில் போய்த்தான் நின்றான். உள்ளங்கால் இரண்டும் மணற்சூட்டில் கொப்பளித்திருந்தன. ஓடும்போது அது தெரியவில்லை. கருவாட்டுப் பாய்க்குப் பக்கத்தில் நின்ற செலீனாவிடம் எல்லாவற்றையும் கொட்டினான். அவர் ஏசவில்லை.

"என்ன எழுதியிருந்தது, தம்பி?"

"வாசிக்கேல்லை மாமி."

"வாசிக்காமலே அழிச்சனீங்களோ?"

அவன் குனிந்து மணலைப் பார்த்தான். செலீனா கேட்டது அவ்வளவுதான். அந்த ஒரு கேள்வி அவனை இன்றைக்கும் விட்டபாடில்லை.

அடுத்த நாள் செலீனா கரைக்குப் போகவில்லை. சோற்றுக்கு உலை வைத்துவிட்டு, பன்னிரண்டு மணிக்கு அறைக்குள் போய்க் கதவைச் சாத்தினார். றொஷான் விறாந்தைத் தூணைப் பிடித்துக்கொண்டு வெளியே இருந்தான். தடவுகிற சத்தம் கேட்டது. பிறகு ஒரு ஆண் குரல், மிகத் தாழ்வாக, ஏதோ கேட்டது. செலீனா பதில் சொல்லவில்லை. குரல் திரும்பத் திரும்பக் கேட்டது. அடுப்பில் சோறு கருகி வீடெல்லாம் மணத்தது. ஒருவரும் எழும்பவில்லை.

ஒன்றரைக்குக் கதவு திறந்தது. செலீனாவின் கண்ணில் ஒரு துளி ஈரம் இல்லை. கிணற்றடியில் முகம் கழுவினார். கோவிலுக்குக் கட்டுகிற வெள்ளைச் சேலையைக் கட்டினார். குடையை எடுத்தார்.

"மாமி... ஆர் அது?"

"ஆரோ பிறத்திப் பிள்ளை, எங்கட இல்லை. தன்ர பேர் தெரியாமல் நிக்குது."

சொல்லிவிட்டு வெயிலில் இறங்கிக் கோவிலுக்குப் போனார். அன்றோடு சத்தம் நின்றது. மத்தியானங்கள் முன்போல மத்தியானங்களாகின. றொஷான் நிம்மதியாகப் படுத்தான். அவ்வளவு லேசாக விட்டுவிடும் என்று நினைத்தான், பாவம்.

ஞாயிற்றுக்கிழமைப் பூசையில் மூன்று பேரும் இருந்தார்கள். அன்றைய பூசை யார் யாருடைய ஆத்தும இளைப்பாற்றிக்கு என்று பாதர் பெயர்களை வாசித்தார். யோவான்பிள்ளை. அந்தோனியம்மா. கடைசியாக, றொஷான்.

முன் வரிசை வாங்கில் இருந்தவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். ஊரில் வேறு றொஷானும் இருக்கக்கூடும் என்று திரும்பிக்கொண்டார்கள். றொஷான் மட்டும் மாமியைப் பார்த்தான். வீட்டுக்கு வரும்வரை பொறுத்திருந்து கேட்டான்.

"மாமி, எந்த றொஷான்?"

செலீனா வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தார்.

"ஆத்துமத்துக்கு என்ன பேர் எண்டு கோவிலிலை கேட்டாங்கள். ஒரு பேர் குடுத்தன்."

"என்ர பேரையோ?"

"உங்களுக்கென்ன தம்பி, நீங்கள் உயிரோடைதானே இருக்கிறீங்கள்."

இருந்த பெயரைத் தேய்த்தவன் அவன்தானே.

மத்தியானம் சாப்பிட இருந்தார்கள். மேசையின் ஒரு பக்கம் செலீனா, எதிரே றொஷான். சுவேதினி குசினியில் நின்றபடி கேட்டாள்.

"றொஷான், இன்னும் சோறு போடவோ?"

"ஓம்."

றொஷானின் வாய் நிறையச் சோறு. அவன் வாயைத் திறக்கவில்லை.

சுவேதினி சட்டியோடு வந்தாள். அவனுடைய முகத்தைப் பார்த்தாள். பிறகு அறைக் கதவைப் பார்த்தாள்.

"நீங்களோ சொன்னது?"

அவன் இல்லை என்று தலையாட்டினான்.

அவள் இன்னொரு முறை கூப்பிட்டாள். மெதுவாக...

"றொஷான்?"

"ஓம்... போடு."

அறைக்குள்ளிருந்து வந்தது.

சட்டி நிலத்தில் விழுந்து உடைந்தது.

"அம்மா... அண்ணான்ர குரல் அம்மா! அது எங்கட அண்ணா!"

செலீனா தலையை நிமிர்த்தவில்லை. சோற்றைப் பிசைந்தபடியே சொன்னார்.

"விசர்க்கதை கதையாதை. அது றொஷான். பூசையிலை பேர் வாசிச்சாச்சு."

ஒரு வாய் விழுங்கினார்.

"என்ர பிள்ளை உயிரோடை இருக்கிறான். வருவான்."