நாலாவது விரல்

"இந்தா, இதுதான் நம்ம பய" என்று மிளகுக் குப்பியை மேசையின் நடுவே நகர்த்துகிறார் வெர்லின் ஸ்டட்ஸ்மன். சிவப்பு ஸ்ட்ராபெரி ஜாம் பொட்டலங்கள் நம் அணி. ஊதா நிறத் திராட்சை ஜாம் எதிரணி. காப்பிக் கோப்பைக்கும் கெச்சப் புட்டிக்கும் நடுவில் இருக்கும் இடம் மைதானம். "மூடுபனின்னா அப்படி ஒரு மூடுபனி. கைய நீட்டினா விரல் தெரியாது. நம்ம பய பந்தை வாங்கினான், ஓடினான், ஓடினான், தடுக்க ஒருத்தன் வரல. கோட்டைத் தாண்டிட்டுப் பந்தைத் தலைக்கு மேல தூக்கிக் காட்டுறான். கைதட்டல் சத்தத்தையே காணோம். ஏன்?" மிளகுக் குப்பி இப்போது மேசையின் விளிம்பில் நிற்கிறது. "ஏன்னா அவன் தாண்டினது பக்கவாட்டுக் கோடு. மைதானத்தை விட்டே வெளிய போயி பேண்டு வாத்தியக்காரங்க நடுவுல நிக்கிறான். ட்ரம் அடிக்கிற பொண்ணுதான் அவனைத் திருப்பி அனுப்பி வெச்சுச்சு."

இருபது தடவை கேட்ட கதைதான். ஆனாலும் மேசையைச் சுற்றி இருக்கும் ஆறு கிழவர்களும் சிரிக்கிறார்கள். ஜோனியின் காப்பிக் கடையில் திங்கட்கிழமை காலை ஏழு மணிக்கு இந்த மேசை கூடும். கார்வின் உழவர்கள் சனிக்கிழமை எப்படித் தோற்றார்கள் என்பதில் பேச்சு தொடங்கி, இதற்கு முன் எப்படியெல்லாம் தோற்றார்கள் என்பதில் போய் நிற்கும். பக்கத்துக் கட்டடம் என் மருந்துக்கடை. இந்த ஊருக்கு வந்து இருபத்திரண்டு வருடமாகிறது. சிதம்பரம் என்ற என் பெயரை முதல் வாரத்திலேயே 'சிட்' என்று நறுக்கி, அந்த மேசையில் ஒரு நாற்காலியும் கொடுத்துவிட்டார்கள்.

உழவர்கள் என்பது எங்கள் ஊர்க் கல்லூரியின் கால்பந்து அணி. சும்மா தோற்றால் ஊர் மறந்துவிடும். எப்படித் தோற்றோம் என்றே விளங்காத தோல்விகளுக்கு மட்டும் பெயர் வைத்து வளர்க்கும். மூடுபனித் தோல்வி ஒன்று. வான்கோழித் தோல்வி இன்னொன்று. குறுக்கே வந்த காட்டு வான்கோழியை மிதித்துவிடக் கூடாதென்று எங்கள் பையன் நின்றே போனான். ஜெயித்துவிட்ட மகிழ்ச்சியில் எங்கள் ஆட்கள் பனியுருண்டைகளை வீசி, அதற்காக நடுவர் தண்டனை கொடுத்து, ஜெயித்த ஆட்டம் கைவிட்டுப் போன கதையும் உண்டு. நவம்பரில் கடைசி ஆட்டம் முடிந்த திங்கட்கிழமை, மேசையில் ஓட்டெடுப்பு. எங்களில் ஒருவரான டெல்மர் தன் விதைக் கம்பெனித் தொப்பியைக் கழற்றி வைப்பார். மகா மோசமான தோல்வி எது என்று சீட்டில் எழுதி அதில் போட வேண்டும். வருடா வருடம் ஜெயிப்பது ஒன்றேதான். அதற்குப் பெயர் 'நாலு'.

பந்தைக் கையில் தூக்கிக்கொண்டு ஓடுவதுதான் இங்கே கால்பந்து. பத்து கஜம் முன்னேற நான்கு வாய்ப்பு. முடியாவிட்டால் பந்து எதிரணிக்குப் போய்விடும். இருபத்தாறு வருடத்துக்கு முன்னால், கோப்பைக்கான ஆட்டம். நான்கு புள்ளி பின்தங்கியிருக்கிறோம். கோட்டுக்கு மூன்று கஜம், கடிகாரத்தில் சில நொடிகள். எங்கள் அணியில் ஆட்டத்தை நடத்துகிறவன் கர்ட் லிண்டாவர், இருபத்தொரு வயது. அவன் பந்தை வாங்கியதும் வேண்டுமென்றே தரையில் அடித்தான். அப்படி அடித்தால் கடிகாரம் நிற்கும், ஒரு வாய்ப்பு போகும். இன்னொரு வாய்ப்பு கையில் இருந்தால் அது கெட்டிக்காரத்தனம். ஆனால் அதுதான் நாலாவது. பந்து போயிற்று, கோப்பை போயிற்று.

"கம்பு மூணுன்னு காட்டிச்சு" என்றான் கர்ட். மைதானத்தின் ஓரத்தில் ஒருவர் பிடித்து நிற்கும் எண் கம்பு அது. எத்தனையாவது வாய்ப்பு என்று அதன் உச்சியில் இருக்கும் பலகை காட்டும். மைதானத்தின் பெரிய மின்பலகையில் அந்த எண்ணுக்கான விளக்கு அந்த வருடம் முழுக்க எரியவில்லை, அதனால் கம்பை விட்டால் வேறு கதியில்லை. ஆனால் மறுநாள் பத்திரிகையில் வந்த படத்தில், தலையில் கைவைத்து மண்டியிட்டிருக்கும் கர்ட்டுக்குப் பின்னால் கம்பு பளிச்சென்று நாலு என்று காட்டியது. அந்தப் படம் ஜோனியின் கல்லாவுக்கு மேலே சட்டம் போட்டு மாட்டியிருக்கிறது.

அந்தக் கம்பைப் பிடித்திருந்தவர் வெர்லின். அவரைக் கேட்டார்கள். "நாலு" என்றார். அதற்குப் பிறகு ஊர் வேறு யாரையும் கேட்கவில்லை.

கேட்க வேண்டிய அவசியமும் இல்லை. வெர்லின் முப்பத்தைந்து வருடம் ஊரின் தண்ணீர் மீட்டர் படித்தவர். எல்லார் வீட்டு நிலவறையிலும் டார்ச் விளக்கோடு இறங்கி, ஒட்டடையைத் தொடையில் துடைத்துக்கொண்டு எண்களைக் குறித்து வருவார். ஒரு எண்ணில் தவறினார் என்று யாரும் சொன்னதில்லை. எழுபத்து மூன்று வயதிலும் எண்களை விரலால் தொட்டுத்தான் படிப்பார். என் கடையில் மாத்திரைப் புட்டி வாங்கினால், கல்லாவிலேயே நின்று அதிலுள்ள எண்ணை இரண்டு முறை தடவிப் பார்த்துவிட்டுத்தான் பைக்குள் போடுவார்.

இப்படிப்பட்டவருக்கு ஒரு கிறுக்கு உண்டு. தான் பார்த்தால் உழவர்கள் தோற்றுவிடுவார்கள் என்று நம்புகிறார். முக்கியமான நேரம் வந்தால் மைதானத்துக்கு முதுகைக் காட்டி நின்று, கூட்டத்தின் முகங்களைப் பார்ப்பார். "நான் திரும்பினேன்னா முடிஞ்சுது" என்பார். டெல்மர் விடமாட்டார். "யோவ், நீ பாக்காமலே நாற்பது தடவை தோத்துட்டாங்க. ஒரு தடவை பாத்துத்தான் தொலையேன்!" ஊரிலேயே தோல்விகளை இத்தனை அழகாகச் சொல்கிற மனிதர் ஒரு தோல்வியையும் கண்ணால் பார்த்ததில்லை என்பது எங்களுக்குப் பெரிய வேடிக்கையாக இருந்தது.

'நாலு' கதை மட்டும் டெல்மருடையது. அவர் ஜாம் பொட்டலங்களைத் தன் பக்கம் இழுத்தாலே வெர்லின் எழுந்துவிடுவார். வண்டிக் கண்ணாடியை ஏற்றினேனா என்று பார்க்கப் போவார். எத்தனை வருடம் பார்த்தேன் இதை! எனக்கு ஒன்றும் உறைக்கவில்லை.

கர்ட் ஊரைவிட்டுப் போகவில்லை. புல்வெட்டும் இயந்திரங்களைப் பழுதுபார்க்கும் கடை வைத்திருந்தார். அவர் வண்டி தெருவில் போனால் நடைபாதையிலிருந்து நான்கு விரல்கள் உயரும். அவர் கல்யாண நடனத்தில் மாப்பிள்ளைத் தோழர்கள் வரிசையாக நின்று நான்கு விரல் காட்டினார்களாம். ஊர்வல நாளில், அவர் ஆடிய காலத்தில் பிறந்தே இராத பிள்ளைகள் காட்டும். யாருக்கும் அதில் கெட்ட எண்ணம் கிடையாது. அவரும் சிரித்துக்கொண்டே திருப்பிக் காட்டுவார். நானும் காட்டியிருக்கிறேன். இப்போது நினைத்தால் கூசுகிறது.

இந்த வருடம் ஆகஸ்டில் கர்ட்டுக்குக் கணையத்தில் புற்று என்று தெரிந்தது. மருந்துகளை நான்தான் அவர் வீட்டுக்குக் கொண்டுபோய்க் கொடுத்துவந்தேன். அக்டோபரில் ஒரு மதியம் வெர்லின் என் கடைக்கு வந்து, மாத்திரை எதுவும் வாங்காமல், "எத்தனை நாள் இருப்பான்?" என்று கேட்டார். அதையெல்லாம் நான் சொல்லக் கூடாது என்றேன். "என் வண்டிக்கு வா" என்றார்.

வண்டியில் உட்கார்ந்து எதிரே இருந்த செங்கல் சுவரைப் பார்த்துக்கொண்டே சொன்னார். "கம்பைப் பிடிச்சவன் முதுகைக் காட்டி நிக்க முடியாது, சிட். அதனால கண்ண மூடிக்கிட்டேன். மூணாவது வாய்ப்பு முடிஞ்சதே எனக்குத் தெரியல. விசில் சத்தம் கேட்டுச்சு. ஏதோ தப்பாட்டம், திரும்ப ஆடப் போறாங்கன்னு நெனச்சேன். கண்ணத் தொறந்தா கர்ட் என்னைப் பாக்குறான். நேரா என் கம்பைத்தான் பாக்குறான். மூணு. அப்புறந்தான் பந்தை அடிச்சான். நடுவர் கையைத் தூக்கிட்டு ஓடி வரும்போது எனக்கு விளங்கிருச்சு. பலகையைத் திருப்பிட்டேன். அதுக்கப்புறந்தான் அந்தப் போட்டோ."

"கேட்டப்போ ஏன் சொல்லலை?"

"சின்னப் பய. கிறிஸ்துமஸுக்குள்ள எல்லாரும் மறந்துருவாங்கன்னு நெனச்சேன்."

என்னிடம் ஏன் சொல்கிறீர்கள் என்று கேட்டேன். "நீ இந்த ஊர்க்காரன் இல்லையே" என்றார். இருபத்திரண்டு வருடத்துக்குப் பிறகு அது சுருக்கென்றது. ஆனால் அதைவிடப் பெரிய கோபம் எனக்கு அவர்மேல் இருந்தது. மூடுபனியையும் வான்கோழியையும் அத்தனை உயிரோடு சொல்ல அவர் கற்றுக்கொண்டது எதற்காக என்று அன்றுதான் புரிந்தது. ஓட்டு வேறு எதற்காவது விழட்டும் என்று இருபத்தாறு வருடம் பாடுபட்டிருக்கிறார். தொப்பியில் வருடா வருடம் 'மூடுபனி' என்று விழும் ஒற்றைச் சீட்டு அவருடையதுதான்.

"அவர்கிட்ட போய்ச் சொல்லுங்க. இந்த வாரமே சொல்லுங்க" என்றேன். வியாழக்கிழமை நான் மருந்து கொண்டுபோனபோது கூடவே வந்தார். மடியில் ஜோனி சுட்டுக் கொடுத்த ஆப்பிள் பை பலகாரம்.

கர்ட்டை முன்னறையில் ஜன்னலோரம் கட்டில் போட்டுப் படுக்கவைத்திருந்தார்கள். வெர்லினைப் பார்த்ததும் அவர் முகம் மலர்ந்தது. வெர்லின் மூடுபனித் தோல்வியைச் சொன்னார். வான்கோழியைச் சொன்னார். பனியுருண்டையைத் தொடங்கினார். நான் அவர் காலை என் காலால் தட்டினேன்.

கர்ட்டே குறுக்கிட்டார். "வெர்லின், உங்ககிட்ட நேருக்கு நேரா நான் இதைக் கேட்டதே இல்ல. மாசாமாசம் என் கடை நிலவறைக்கு வருவீங்க, நான் விளக்குப் பிடிப்பேன், கேக்கணும்னு வாய் வரைக்கும் வரும். அன்னைக்கு அந்தக் கம்பு என்ன காட்டிச்சு? நான் மூணுன்னுதான் பாத்தேன். இன்னைக்கும் கண்ண மூடினா மூணுதான் தெரியுது. எனக்குத்தான் புத்தி பிசகா?"

வெர்லின் மடியிலிருந்த பலகாரத் தட்டின் விளிம்பை விரலால் தடவிக்கொண்டிருந்தார்.

"நாலு" என்றார்.

கர்ட் கூரையைப் பார்த்தார். "சரி. அப்ப நான்தான்" என்றார். பிறகு, ஆப்பிள் பலகாரத்தை ஜோனிதானே செய்தாள் என்று கேட்டார்.

வெர்லினை அவர் வீட்டு வாசலில் இறக்கிவிட்டேன். திரும்பிப் போய் நானே உண்மையைச் சொல்லியிருக்கலாம். அவர் வாயால் வரட்டும் என்று இரண்டு நாள் தள்ளிப்போட்டேன். அந்தப் பாவத்தில் எனக்கும் பங்கு உண்டு. சனிக்கிழமை விடியற்காலையில் கர்ட் இறந்துபோனார்.

போன திங்கட்கிழமை ஓட்டெடுப்பு. கர்ட் எப்போதாவது வந்தால் உட்காரும் நாற்காலியை மேசையோடு சேர்த்துப் போட்டு, அதன்மேல் உழவர்கள் அணியின் சிவப்புச் சட்டையை விரித்திருந்தார்கள். டெல்மர் தொப்பியைக் கழற்றி வைத்துவிட்டு, "இந்த வருஷம் சீட்டே வேணாம். கர்ட்டுக்கு மரியாதையா எல்லாருமே 'நாலு'தான், என்ன?" என்றார்.

"அது அவன் தப்பு இல்ல" என்றார் வெர்லின். எழுந்து நின்றிருந்தார். "கம்பு மூணுன்னுதான் காட்டிச்சு. நான் திருப்ப மறந்துட்டேன். பந்தை அடிச்சதுக்கு அப்புறந்தான் திருப்பினேன். அவன் சொன்னது நெஜம்."

காப்பி ஊற்ற வந்த ஜோனியின் கண்கள் கலங்கின. டெல்மர் எழுந்து வந்து வெர்லினின் தோளைச் சுற்றிக் கைபோட்டார்.

"நல்ல மனுஷன்யா நீ" என்றார்.

"டெல்மர், நான் நெஜமாத்தான் சொல்றேன்."

"தெரியுதுய்யா. செத்தவன் பழியைத் தன் தலையில போட்டுக்கறதுக்கு எவனுக்கு மனசு வரும்? ஆனா படம் அங்க தொங்குதே. நீயே அன்னைக்கு நாலுன்னு சொன்னியே. உன் வாழ்க்கையில ஒரு நம்பரைத் தப்பாப் படிச்சிருக்கியா நீ?"

"அவர் சொல்றது உண்மை. என்கிட்ட அக்டோபர்லயே சொன்னார்" என்றேன் நான்.

"சிட், அது நீ வர்றதுக்கு முந்தி நடந்தது" என்று ஒருவர் என் முழங்கையில் அன்பாகத் தட்டினார். இன்னொருவர் மூக்கை உறிஞ்சினார். வெர்லின் எல்லார் முகத்தையும் ஒவ்வொன்றாகப் பார்த்தார். திட்டுவார்கள், கோப்பையை வீசுவார்கள், இனி இந்தப் பக்கம் வராதே என்பார்கள் என்று பயந்துதான் இத்தனை வருடம் வாயைக் கட்டிவைத்திருந்தார். அவர்களோ அவரைப் பாராட்டிக்கொண்டிருந்தார்கள்.

"கர்ட்டுக்காக" என்று டெல்மர் நாற்காலியைப் பார்த்து நான்கு விரல்களை உயர்த்தினார். மேசையில் மற்றவர்களின் கைகளும் உயர்ந்தன. ஜோனி காப்பிக் கெண்டியைக் கீழே வைத்துவிட்டுத் தானும் உயர்த்தினாள். நான் கையை மடியிலேயே வைத்திருந்தேன்.

வெர்லின் கையை மெதுவாகத் தூக்கினார். மூன்று விரல்கள்.

வயதான விரல் நிமிரவில்லை என்று டெல்மர் நினைத்திருக்க வேண்டும். "நாலு, வெர்லின்" என்று கனிவாகச் சொல்லி, மடங்கியிருந்த சுண்டுவிரலைத் தானே பிடித்து நிமிர்த்திவிட்டார். அவர் கையை எடுத்ததும் வெர்லின் அதை மறுபடி மடக்கி, கட்டைவிரலால் அழுத்திப் பிடித்துக்கொண்டார்.