சனிக்கிழமைகளில் ஓடிய மெசின்கள்

என்ன வேலை செய்கிறீர்கள் என்று யாராவது கேட்டால், "ஒண்டுமில்லாததைப் பாத்துக்கொண்டிருக்கிற வேலை" என்பார் ஞானப்பிரகாசம். பகிடிக்குச் சொல்வதுதான், ஆனால் அதில் பொய் இல்லை. ஜெர்மனியும் செக் நாடும் முட்டிக்கொள்ளும் மலையோரத்தில் ஒரு சின்ன ஊர். அங்கே பதினொரு வருடமாக மூடிக் கிடந்த காலுறைத் தொழிற்சாலைக்கு அவர்தான் காவல். குளிர்காலத்தில் குழாய்கள் உறைந்து வெடிக்காமல் கொதிகலனைப் பார்க்க வேண்டும், கூரைப் பனியைத் தள்ள வேண்டும், கதவுகளின் திறப்புக் கோர்வையைத் தொலைக்காமல் இருக்க வேண்டும். திவாலான தொழிற்சாலையைப் பொறுப்பெடுத்த வக்கீல் அவ்வளவுக்குத்தான் சம்பளம் கொடுத்தார்.

யாரும் சொல்லாமல் அவர் செய்த வேலை ஒன்று இருந்தது. ஒவ்வொரு சனிக்கிழமையும் காலை பத்து மணிக்குப் பின்னல் கூடத்தைத் திறப்பார். பதினான்கு மெசின்களின் போர்வையையும் விலக்கி, எண்ணெய் விட்டு, ஒவ்வொன்றையும் பத்து நிமிடம் ஓட விடுவார். பதின்மூன்றும் சொன்ன சொல் கேட்கும். ஏழாவது மட்டும் இரண்டு தரம் இருமிவிட்டுத்தான் ஓடும். அது ஒரு சொட்டு எண்ணெய் கூடுதலாகக் கேட்கும் என்பது அவர் ஒருவருக்குத்தான் தெரியும்.

தொண்ணூற்றொன்றில் இலங்கையிலிருந்து பெர்லினின் ஷோனெஃபெல்ட் விமான நிலையத்தில் வந்து இறங்கியவரை அகதி முகாம்காரர்கள் இந்த மலைக்கு அனுப்பினார்கள். இங்கேயே வேலை கிடைத்தது. இருபது வருடம் அந்த மெசின்களோடு மல்லுக்கட்டினார். தொழிற்சாலை மூடியதும் கூட வேலை செய்தவர்கள் எல்லோரும் மூட்டை கட்டினார்கள். இவர் மட்டும் அசையவில்லை. மெசின் இருக்கிறது, கட்டடம் இருக்கிறது, எவனாவது வருவான் என்பது அவருடைய கணக்கு.

மாவட்ட முதலீட்டு அலுவலகத்து லோஃப்லர் அம்மையாரும் அப்படித்தான் நம்பினார். 'எல்லை மலைநாட்டில் முதலீட்டு, வணிக வாய்ப்புகள்' என்று வழுவழுப்பான தாளில் ஒரு கையேடு போட்டிருந்தார். செக் எல்லைக்கு ஆறு கிலோமீட்டர், மலிவான நிலம், சுத்தமான காற்று என்று அதில் எல்லாம் இருந்தது. ஆட்களும் வந்தார்கள். ஒருவர் கூரையை அண்ணாந்து பார்த்துவிட்டுப் போனார். பிராகாவிலிருந்து வந்த இருவர் கழிவறையை மட்டும் படம் எடுத்தார்கள். போனவர் எவரும் திரும்பி வரவில்லை.

தொழிற்சாலை மூடியபின் மனைவி பிருந்தா ஒன்பது வருடம் பொறுத்தாள். அந்த ஊரில் தமிழ் பேச அவளுக்குப் புருசனை விட்டால் ஆளில்லை. அவரோ மெசின்களோடுதான் அதிகம் பேசுவார். மேற்கு ஜெர்மனியின் கெல்சென்கிர்ச்சன் நகரில் மகள் கவிசாவுக்குப் பிள்ளை பிறந்தபோது போனவள் அங்கேயே தங்கினாள். பள்ளிக்கூடச் சமையலறையில் வேலை எடுத்தாள், ஒற்றை அறை வீடு ஒன்றும் எடுத்தாள்.

"தொழிற்சாலை திறந்தால் நான் வாறன்," என்று சொல்லிவிட்டாள். "திறக்காதெண்டு தெரிஞ்ச அண்டைக்கு நீங்கள் வாங்கோ."

சண்டை இல்லை. ஆனால் இரண்டு வருடம் அந்தப் பேச்சுத்தான் அவர்களுக்கு நடுவில் இருந்தது.

போன பெப்ரவரியில் திருப்பூரிலிருந்து கிருஷ்ணசாமி வந்தார். பனியன் ஏற்றுமதி செய்பவர். வருகிறவர் தமிழர் என்று கேள்விப்பட்டதுமே ஞானப்பிரகாசத்துக்குக் கால் தரையில் நிற்கவில்லை. கட்டடத்தையும் வீதியையும் காட்டினால் போதும், பின்னல் கூடத்தை நாளைக்குப் பார்க்கலாம் என்று லோஃப்லர் அம்மையார் சொல்லியிருந்தார். கிருஷ்ணசாமி கட்டடத்தைச் சுற்றிப் பார்த்தார், கூலி விவரம் கேட்டார், முகத்தில் ஒன்றும் தெரியவில்லை. கிளம்புகிற நேரத்தில் கூடத்தின் கண்ணாடிக் கதவு வழியே எட்டிப் பார்த்தார்.

"ஏனுங்கண்ணா, இதெல்லாம் ஓடுமுங்களா?"

ஒரு தமிழ் ஆள் அப்படிக் கேட்டபின் அவர் சும்மா இருப்பாரா? கதவைத் திறந்து, போர்வைகளை விலக்கி, பதினான்கையும் ஓட விட்டார். ஏழாவது இருமியது, ஓடியது. கிருஷ்ணசாமியின் முகம் அப்போதுதான் மலர்ந்தது. ஒவ்வொரு மெசினையும் தொட்டுப் பார்த்தார், எண்களைப் படம் எடுத்தார், அண்ணா அண்ணா என்று ஆயிரம் கேள்வி கேட்டார். அன்று மாலையே ஞானப்பிரகாசம் மனைவிக்கு ஃபோன் எடுத்தார். ஆளுக்குப் பிடிச்சுப்போச்சு, பொடியன் விழுந்திட்டான், நீ வாற அலுவலைப் பார் என்றார். வடிவாகத் தெரியுமோ, நிச்சயம்தானோ என்று அவள் இரண்டு தரம் கேட்டாள். இரண்டு தரமும் ஓம் என்றார்.

பிருந்தா வேலைக்கும் வீட்டுக்கும் விலகல் கடிதம் கொடுத்தாள். ஏப்ரலில் கிருஷ்ணசாமி அனுப்பிய இரண்டு மெக்கானிக்குகள் வந்து மெசின்களில் இலக்கம் ஒட்டிப் போனார்கள். தொடங்கப் போகிறார்கள், அதுதான் கணக்கெடுக்கிறார்கள் என்று அவர் நினைத்தார். மனம் ஒன்றை விரும்பிவிட்டால் கண் எதையும் அதற்குத் தோதாகத்தான் பார்க்கும்.

மே மாதம் ஒரு வியாழக்கிழமை மூன்று லொறிகள் வந்தன. உள்ளே ஒன்றுமில்லாத காலி லொறிகள். லோஃப்லர் அம்மையார் அவரைத் தனியே கூப்பிட்டு, மெசின்கள் மட்டும்தான் விற்பனை, கட்டடம் இடிபடப் போகிறது, மன்னியுங்கள் என்றார். ஞானப்பிரகாசம் லொறிகளோடு வந்திருந்த கிருஷ்ணசாமியிடம் போனார்.

"தம்பி, கட்டடம்?"

"இங்க ஒருத்தருக்குக் குடுக்கற சம்பளத்துல அங்க பத்துப் பேரை வெக்கலாங்கண்ணா. கட்டடம் சரிப்படாதுன்னு அன்னைக்கே முடிவு பண்ணிட்டேன். நீங்க மட்டும் ஓட்டிக் காட்டலீன்னா வெறுங்கையோட போயிருப்பேனுங்க. இத்தனை வருசம் இப்படி வெச்சிருக்கீங்களே, கையெடுத்துக் கும்பிடணும்."

பாராட்டாகத்தான் சொன்னார். ஞானப்பிரகாசத்துக்கு அப்போதுதான் விளங்கியது. துருப்பிடிக்க விட்டிருந்தால் மெசின்கள் அங்கேயே கிடந்திருக்கும். பதினொரு வருடச் சனிக்கிழமைகள்தான் அவற்றை லொறியில் ஏற்றிவிட்டன.

நாலு மணி பஸ்ஸில் பிருந்தா வந்து இறங்கினாள். கையில் இரண்டு பெட்டி. வாசலில் லொறிகளையும் மரப்பெட்டிகளையும் கண்டதும் முகமெல்லாம் சிரிப்பு.

"புது மெசின் வருகுதோ?" என்று கேட்டாள்.

ஏழாம் இலக்கம் ஒட்டிய மரப்பெட்டியை ஆட்கள் தூக்கி லொறிக்குள்ளே வைத்தார்கள். பிருந்தா அதையும் பார்த்தாள், அவரையும் பார்த்தாள். சிரிப்பு மெல்ல மெல்லக் கழன்றது. அவள் திட்டவில்லை, அழவுமில்லை. கொண்டுவந்த பெட்டிகளைத் திறக்காமலே அந்த வீட்டில் ஏழு நாள் இருந்தாள்.

இப்போது இருவரும் கெல்சென்கிர்ச்சனில், மகள் வீட்டு முன்னறையில். பிருந்தாவின் சமையலறை வேலைக்கு வேறு ஆள் வந்துவிட்டது. ஒரு சனிக்கிழமை கிருஷ்ணசாமி ஒரு வீடியோ அனுப்பினார். வெள்ளைக் கூடம், வரிசையில் பதினான்கு மெசின், பக்கத்தில் வேலை செய்யும் பெண்கள். 'உங்க மெசின்தாங்கண்ணா' என்று கீழே எழுதியிருந்தது.

ஞானப்பிரகாசம் ஃபோனைக் காதோடு வைத்துக் கண்ணை மூடிக்கொண்டு மெசின் சத்தத்தைக் கேட்டார். மூன்றாம் தரம் கேட்டபின் ஒவ்வோர் எழுத்தாகத் தட்டினார்: 'தம்பி, ஏழாவது வறண்டு ஓடுது. ஒரு சொட்டு எண்ணெய் கூடுதலா விடச் சொல்லுங்கோ.'

அனுப்பிவிட்டு ஃபோனை மேசையில் கவிழ்த்து வைத்தார். அதற்குப் பிறகுதான் அழுதார், பேரப்பிள்ளை பயந்து தாயிடம் ஓடும்படி அழுதார். பிருந்தா அடுப்பை நிறுத்திவிட்டு வந்து பக்கத்தில் இருந்தாள்.

"நான்தான் ஏத்தி அனுப்பினனான், பிருந்தா," என்றார்.

"ஓம்," என்றாள் அவள். கையைப் பிடித்துக்கொண்டாள்.

கிருஷ்ணசாமி நல்ல மனுசன், மெக்கானிக்கிடம் சொல்லிவிட்டதாக அன்றே பதில் போட்டார். அடுத்த சனிக்கிழமையும் பத்து மணிக்கு ஞானப்பிரகாசம் ஃபோனை முன்னால் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். அன்றைக்கு வீடியோ ஒன்றும் வரவில்லை.