பேசிலின் தனி ஆவர்த்தனம்

ரசச் சட்டியில் கிட்டார் கம்பிகள் கொதித்துக்கொண்டிருந்தன. பேசில் அடுப்புக்கு முன்னால் நின்று, பருப்பு வெந்ததா என்று பார்ப்பவர் போல, கரண்டியால் ஒரு கம்பியைத் தூக்கிப் பார்த்தார். "இன்னும் கை எண்ணெய் இறங்கல லா. அஞ்சே நிமிஷம்." அந்த ஐந்து நிமிஷம் முக்கால் மணி நேரமாகும் என்பது வெரோனிகாவுக்குத் தெரியும். இருபத்தாறு வருஷமாக அவருடைய நிமிஷங்களோடு குடும்பம் நடத்துகிறவள் அவள்.

"டேடி, அது நான் ரசம் வைக்கிற சட்டி."

"தெரியும். அதான் நல்லா கழுவிட்டுப் போட்டேன்."

"போடறதுக்கு முன்னாடி கழுவினா என்ன, கழுவாட்டி என்ன?"

பேசில் அடுப்பைக் கொஞ்சம் கூட்டிவைத்தார். பிள்ளைகள் பிறந்த நாளிலிருந்து அவள் அவரை டேடி என்றுதான் கூப்பிடுகிறாள். கோபம் வந்தாலும் அதே டேடிதான். கடைசி எழுத்து மட்டும் நீளும். புதுக் கம்பி வாங்கினால் ஆகாதா என்று அவள் கேட்பதை நிறுத்திப் பல காலம் ஆயிற்று. புதுக் கம்பி பேசிலுக்குப் பிடிக்காது. "புதுசு பேசவே ஒரு மாசம் ஆகும் வெரோ. இது என்னோட பழகினது. ஒரு கொதி விட்டா பழையபடி கத்தும்."

அன்று ஞாயிறு. மாலை நாலு மணிக்கு பிரிக்பீல்ட்ஸ் சங்க மண்டபத்தின் மாடியில் பேசிலின் நிகழ்ச்சி. அவர் மட்டும், ஒற்றைக் கிட்டார், நாற்பது நாற்காலி.

பேசிலுக்கு ஐம்பத்து நாலு வயது. செந்தூல் ரயில்வே பட்டறையில் முப்பது வருஷமாக ஃபிட்டர். பட்டறைக்கு வெளியே அவரை அறிந்தவர்கள் 'சிக்னல்மென்' பேசில் என்பார்கள். ரயில்வே குவார்ட்டர்ஸ் பையன்கள் நாலு பேர் சேர்ந்து வைத்த பேண்டு அது. அறுபதுகளின் கடைசியில் கிள்ளானிலிருந்து ஈப்போ வரைக்கும் அவர்கள் வாசிக்காத கல்யாண மண்டபம் இல்லை, உடைக்காத ஒலிபெருக்கியும் இல்லை. அந்தக் காலத்துப் புகைப்படம் ஒன்று கூடத்தில் மாட்டியிருக்கிறது. அதில் அவர் போட்டிருக்கும் பெல்பாட்டத்தைத்தான் இன்றைக்கும் போட்டுக்கொள்ளப் போகிறார். இடுப்பில் வெரோனிகா இரண்டு முறை துணி வைத்துத் தைத்திருக்கிறாள். முன்னால் இருந்து பார்த்தால் தெரியாது. "ஆடியன்ஸ் முன்னாலதானே லா இருப்பாங்க" என்பார்.

அவருடைய இடது கை ஒரு தனி மனிதர். அது தண்ணீரில் நனையாது. தட்டுக் கழுவாது, துணி பிழியாது, வெங்காயம் உரிக்காது. விரல் நுனிகளில் இருக்கும் காய்ப்பு ஊறிப்போனால் முப்பது வருஷ உழைப்பு போய்விடுமாம். டுரியான் காலத்தில் அந்த முள்ளுப் பழத்தைக் கூடை கூடையாக வாங்கி வருவார். வாங்கியதும் இடது கையைக் கால்சட்டைப் பைக்குள் விட்டுக்கொண்டு பெரிய மனிதர் போல நிற்பார். பாராங் கத்தி எடுத்துப் பிளப்பவள் வெரோனிகா.

காது அதைவிட மோசம். "நம்ம ஃபிரிஜ் பி ஃப்ளாட்ல பாடுது. மேல்வீட்டு ஃபேன் அதுக்கு ஒத்து வரல லா" என்று சாப்பாட்டின் நடுவில் எழுந்து போய் ஃபிரிஜ்ஜை அணைத்துவிட்டு வருவார். மீன் கெட்டுப்போகும். தேவாலயத்தில் பாடகர் குழு காணிக்கைப் பாட்டை இழுத்தால் பெஞ்சு முதுகில் கட்டைவிரலால் தட்டத் தொடங்குவார். சாமியாரே ஒருமுறை திரும்பிப் பார்த்திருக்கிறார். பேசில் அப்போதும் தட்டுவதை நிறுத்தவில்லை, கைக்கடிகாரத்தைக் காட்டினார்.

இப்படிப்பட்ட மனிதரால் ஒரு பாட்டைத் தொடங்க முடியாது.

இது ஊருக்குத் தெரியாது. வெரோனிகாவுக்கே இந்த வருஷம்தான் தெரிந்தது. இருபத்துச் சொச்சம் வருஷமாக சிக்னல்மென் பாட்டு ஒவ்வொன்றையும் தொடங்கி வைத்தவர் டிரம்ஸ் அடித்த லெஸ்லி, வெரோனிகாவின் சொந்த அண்ணன். அவர் குச்சிகளை உரசி 'ஒன், டூ, த்ரீ, ஃபோர்' என்பார். பேசிலின் கை தானாக இறங்கும். ஜனவரியில் லெஸ்லி மகளோடு இருக்க பெர்த்துக்குப் போய்விட்டார். சுபாங் விமான நிலையத்தில் எல்லாரும் அழுதுகொண்டிருக்க, பேசில் மட்டும் மைத்துனரின் சட்டையைப் பிடித்துக்கொண்டு, "மச்சான், எண்ணி ஒரு கேசட்டுல போட்டு அனுப்பு லா" என்றார்.

கேசட்டும் வந்தது. ஒரு பக்கம் முழுக்க லெஸ்லியின் குரல்: 'ஒன், டூ, த்ரீ, ஃபோர்.' ஒரு இருமல். மறுபடியும் 'ஒன், டூ.' பேசில் பேட்டரியை மாற்றிப் போட்டுக் கேட்டார். பிளேயரை மாற்றிக் கேட்டார். "பெர்த் போனதும் ஆளே ஸ்லோ ஆயிட்டாரு" என்று கேசட்டை மேசை இழுப்பறைக்குள் போட்டார்.

அதற்குப் பிறகு மூன்று முறை வாசிக்கப் போய்ப் பார்த்தார். கிள்ளானில் ஒரு கல்யாண விருந்தில் கிட்டாரை மாட்டிக்கொண்டு இருபது நிமிஷம் நின்றுவிட்டு, "ஆம்ப் சரியில்ல லா" என்று இறங்கினார். ஒலிபெருக்கி நன்றாகத்தான் இருந்தது. பங்குத் திருநாளில் விரல் பிடித்துக்கொண்டது என்றார். பெட்டாலிங் ஜெயாவில் பட்டறைச் சிநேகிதர் ஒருவரின் ஓய்வு விருந்தில், சூப்பு வந்ததிலிருந்து பழம் வரும்வரை சுருதி சேர்த்தார். பழம் சாப்பிட்டுவிட்டு வீட்டுக்கு வந்தார். அன்றைக்குத்தான் சொன்னார்: "இன்னும் ஒரே ஒரு டிரை வெரோ. அதுவும் வரலன்னா கிட்டாரை சர்ச்சுக்குக் கொடுத்துடறேன்."

அந்தக் கிட்டார் எப்போது வீட்டை விட்டுத் தொலையும் என்று இருபத்தாறு வருஷம் காத்திருந்தவள் வெரோனிகா. அன்று இரவு அவளுக்குத் தூக்கம் வரவில்லை. பட்டறையிலிருந்து வந்து, இடது கையைப் பையில் வைத்துக்கொண்டு, சுவரைப் பார்த்து உட்கார்ந்திருக்கும் ஒரு பேசிலை அவள் கற்பனை செய்து பார்த்தாள். அந்த ஆளை அவளுக்குப் பழக்கமில்லை. மறுநாளே சங்க மண்டபத்துக்குப் போய்ச் செயலாளர் சண்முகரத்தினத்தைப் பார்த்தாள்.

சண்முகரத்தினம் அரசாங்க உத்தியோகத்தில் ஓய்வு பெற்றவர். எதையும் கோப்பில் போடாமல் விடமாட்டார். 'கிட்டார் சோலோ' என்று அவள் ஆங்கிலத்தில் எழுதிக் கொடுத்ததைப் படித்துவிட்டு மூக்குக் கண்ணாடியைக் கழற்றினார். "பிள்ளை, தமிழில நான் போட்டுத் தாறன். சுத்தத் தமிழில இருக்கவேணும்." அச்சாகி வந்த நோட்டீசில் இருந்தது: 'திரு. பேசில் அவர்களின் கிட்டார் தனி ஆவர்த்தனம்.' கன்வென்டில் படித்த வெரோனிகாவுக்குத் தமிழ் என்றால் ஜெபப் புத்தகம்தான். சோலோவுக்கு இத்தனை அழகான பெயரா என்று நினைத்துக்கொண்டாள். கச்சேரியில் பாடகர் வாயை மூடிக்கொள்ள, மிருதங்கக்காரர் மட்டும் வாசிக்கும் கட்டத்துக்குத்தான் அந்தப் பெயர் என்பதும், அது தொடங்கினால் சபையில் பாதிப் பேர் காப்பி குடிக்க எழுந்துபோவார்கள் என்பதும் அவளுக்கு எப்படித் தெரியும்?

நாலு மணிக்கு முன்வரிசை இரண்டும் பட்டுச் சேலையும் வேட்டியுமாக நிறைந்தன. பின்னால் பட்டறைக்காரர்கள், வெரோனிகாவின் தங்கை டோரிஸ், இரண்டொரு பழைய ரசிகர்கள். கடைசியில் ஒரு மேசையில் காப்பியும் வடையும். தாழ்ந்த பலகை மேடையில் பேசில் ஒரு நாற்காலியில் உட்கார்ந்து சுருதி சேர்த்தார்.

நாலே கால். அவர் ஒரு திருகைத் திருகினார், காதைக் கிட்டாரின் தோளில் வைத்தார், மறுபடி திருகினார்.

நாலு இருபத்தைந்து. "இன்னும் ஏறல லா. கொஞ்சம் ஏறணும்."

"பேசில் அண்ணே," பின்னாலிருந்து ஒரு பட்டறைக் குரல் வந்தது, "ஈப்போ மெயிலே வந்துடும் போல!" சிரிப்பு. பேசில் சிரிக்கவில்லை. வெரோனிகா கைப்பைக்குள் ஜெபமாலையைப் பிடித்திருந்தாள். ஜெபிக்கவில்லை, அதைக் கசக்கிக்கொண்டிருந்தாள்.

முன்வரிசையில் நடுவில் இருந்தவர் பூமணி அம்மாள், எழுபதைத் தாண்டியவர், நகரத்தில் எந்தக் கச்சேரிக்கும் முதல் ஆளாக வருகிறவர். அவர் நோட்டீசைக் கண்ணருகே கொண்டுபோய் ஒருமுறை படித்துவிட்டு உரக்கக் கேட்டார். "சண்முகரத்தினம், மிருதங்கம் எங்க?"

"இது கிட்டார் அக்கா."

"கிட்டார் எண்டு எனக்கும் தெரியுது, கண் இருக்கு. தனி ஆவர்த்தனம் எண்டு போட்டிருக்கிறீர். தனி எண்டால் அடிக்கிற ஆள் வேணும். அடிக்கிற ஆள் வரேல்லையோ?"

திருகின் மேல் இருந்த பேசிலின் கை அப்படியே நின்றது.

"அடிக்கிற ஆள் பெர்த்துல இருக்காரு ஆன்டி" என்றார், யாருக்கும் கேட்காத குரலில்.

சண்முகரத்தினம் ஒலிவாங்கியைப் பிடித்துக்கொண்டு, ஆவர்த்தனம் என்ற சொல்லின் பொருளை விளக்கத் தொடங்கினார். அது யாருக்கும் வேண்டியிருக்கவில்லை. "தனி எண்டால் நாங்கள் காப்பி குடிச்சிட்டு வாறம்" என்று வேட்டிகள் மூன்று எழுந்தன. அவற்றைப் பார்த்து இன்னும் நாலு. நாற்காலிகள் கிறீச்சிட்டன. பேசில் வாசலைப் பார்த்தார், பிறகு ஆம்ப்பைப் பார்த்தார். அந்தப் பார்வை வெரோனிகாவுக்குக் கிள்ளானிலேயே பழக்கம். அவர் வாயைத் திறப்பதற்குள் அவள் எழுந்து நின்றாள்.

"ஆம்ப் நல்லா இருக்கு டேடீ!"

மண்டபம் முழுக்கத் திரும்பிப் பார்த்தது. டோரிஸ் அவள் சேலையைப் பிடித்து இழுத்தாள். "அக்கா, உக்காருங்க. மானம் போகுது."

"தம்பி," என்றார் பூமணி அம்மாள், "தாளம்தானே உமக்கு இல்லாதது? நான் போடுறன். நீர் வாசியும்." சொன்னவர் தொடையில் ஒரு தட்டுத் தட்டினார். சுண்டுவிரல், மோதிர விரல், நடுவிரல், தட்டு, வீச்சு, தட்டு, வீச்சு. வளையல்கள் குலுங்கின. ஆற அமர, நீண்ட கீர்த்தனை ஒன்றுக்குப் போடும் ஆதி தாளம். ஒரு தட்டுக்கும் அடுத்த விரலுக்கும் நடுவில் ஒருவர் எழுந்து போய் வடை எடுத்து வந்துவிடலாம்.

பேசில் அந்தக் கையையே பார்த்துக்கொண்டிருந்தார். ஒரு சுற்று முடிந்தது. இரண்டாவது சுற்றில் அவருடைய கட்டைவிரல், தேவாலயத்துப் பெஞ்சில் போல, கிட்டாரின் மரத்தில் தட்டத் தொடங்கியது.

"ஆன்டி, கொஞ்சம் ஸ்லோ."

"என்ன ஸ்லோ? ஆதி தாளம்."

"ஆதி தாளம்தான். ஆனா இழுக்குது."

"இழுக்குதோ? அறுபது வருஷமாப் போடுறன். ஒருத்தரும் இப்பிடிச் சொன்னதில்லை." அவர் வேண்டுமென்றே இன்னும் நிதானமாக ஒரு தட்டுப் போட்டார்.

பேசிலின் முகம் சிவந்தது. பாடகர் குழு, லெஸ்லியின் கேசட், இப்போது இது. "ஐயோ ஆன்டி, அப்படி இல்ல லா! இப்படி லா!" காலால் பலகையை ஓங்கி மிதித்தார். "ஒன்! டூ! ஒன் டூ த்ரீ ஃபோர்!"

வலது கை இறங்கியேவிட்டது.

சிக்னல்மென்னின் முதல் பாட்டு அது, செந்தூலில் இருந்து புறப்படும் சரக்கு வண்டியைப் போல அவர்களே கட்டியது. ஜன்னல் கண்ணாடிகள் அதிர்ந்தன. காப்பி வாங்கப் போனவர்கள் கோப்பையும் கையுமாக நின்ற இடத்தில் நின்றார்கள். பூமணி அம்மாளின் விரல்கள் இரண்டு சுற்று துரத்திப் பார்த்துவிட்டு மடியில் விழுந்தன. பேசில் கண்ணை மூடிக்கொண்டார். இடது கை கிட்டாரின் கழுத்தின் மேல் ஏறி இறங்கிற்று. தட்டுக் கழுவாத, வெங்காயம் உரிக்காத அந்தக் கை. பட்டறைக்காரர்களில் ஒருவர் தொப்பியைக் கழற்றிவிட்டார்.

வெரோனிகாவுக்கு அழுகை வரவில்லை, எரிச்சல்தான் பற்றிக்கொண்டு வந்தது. பத்து மாதம். ஒன்பது வாரம் நவநாள். புனித அந்தோனியாருக்கு எத்தனை மெழுகுவர்த்தி! யாராவது தாளத்தைத் தப்பாகப் போட்டால் போதும் என்று முன்பே தெரிந்திருந்தால் ஜனவரியிலேயே அவள் தப்புத் தப்பாகக் கை தட்டியிருப்பாள்.

பாட்டு முடிந்தது. பின்னால் விசில் அடித்தார்கள். முன்னால் மரியாதையாகக் கை தட்டினார்கள்.

"தம்பி, இது ஓட்டம்" என்றார் பூமணி அம்மாள். "சங்கீதம் எண்டு சொல்ல ஏலாது. சரி, அடுத்தது என்ன?" கை மறுபடி தொடைக்கு மேல் உயர்ந்தது.

"ஆன்டி, ப்ளீஸ். உங்க கை மடியிலயே இருக்கட்டும் லா."

அவர் சிரித்துக்கொண்டே கையைக் கட்டிக்கொண்டார். மண்டபம் அடங்கியது. இப்போது இழுப்பவர் யாரும் இல்லை. திருத்துவதற்கு எதுவும் இல்லை. மின்விசிறி மட்டும் சுற்றியது. பேசில் அசையாமல் உட்கார்ந்திருந்தார்.

அவர் குனிந்து பூட்ஸ் கயிற்றை அவிழ்க்கத் தொடங்கினார்.

"டேடீ, இப்ப என்ன?"

ஒரு பூட்ஸைக் கழற்றினார், பிறகு மற்றதை. நுனியில் ஓட்டை விழுந்த காலுறைகளையும் உருவி, சுருட்டி, பூட்ஸுக்குள் அடைத்து, இரண்டையும் நாற்காலிக்குப் பின்னால் தள்ளிவைத்தார். வெறும் பாதத்தைப் பலகையில் பதித்து, மரம் எப்படி இருக்கிறது என்று ஒருமுறை தேய்த்துப் பார்த்தார். பிறகு யாரையும் பார்க்காமல் குதிகாலை மெல்ல உயர்த்தி, ஒரு கணம் நிறுத்தி, 'ஒன்' என்று கீழே போட்டார்.