சுஜீதனின் ஆணி டயர்கள்

நோபல் பார்க்கில் சுஜீதன் என்று கேட்டால், "எந்தச் சுஜீதன், டயர் சுஜீதனோ?" என்பார்கள். இந்த நாட்டுக்கு மாணவனாக வந்து, கணக்கியல் படிப்பைப் பாதியில் விட்டுவிட்டு, டண்டினோங்கில் ஒரு டயர் கடைக்குள் புகுந்து பதினாறு வருடம். நானும் அதே கடைதான். அவனுடைய பிடிவாதத்தை என்னைவிட அதிகம் அனுபவித்தவள் அவனுடைய மனைவி கமலினி மட்டுமே.

நான்கு வருடத்துக்கு முன் கடைக்கு வரும் வெள்ளைக்காரர் சிலர் அவனுக்கு ஒரு பைத்தியத்தைத் தொற்றவைத்தார்கள். நியூசிலாந்தின் தெற்கே ஒரு பண்ணையில், குளிர் இறுகியதும் குளம் உறைந்துபோகும். அதன்மேல் பழைய கார்களை ஓட்டிப் போட்டி வைப்பார்கள். கார் அங்கே கிடைக்கும். டயரை அவரவர் செய்து கொண்டுபோக வேண்டும். வெறும் டயர் வழுக்கும். அதனால் டயரைத் துளைத்து, உள்ளிருந்து வெளியே போல்ட் செருகி, நட் போட்டு இறுக்கி, நுனியைக் கூராகத் தீட்ட வேண்டும். ஒரு டயருக்கு இருநூறு போல்ட். மூன்று வருடம் மற்றவர்களுக்குச் செய்து கொடுத்தான். அவர்கள் ஓடிவிட்டு வந்து படம் காட்டினார்கள், இவன் பல்லைக் காட்டினான்.

இந்த வருடம் தானே ஓடுவதென்று ஒற்றைக்காலில் நின்றான். காரணம் எங்களுக்குத் தெரியும். சர்க்கரை வியாதி கண்ணைப் பிடித்துவிட்டது. கண்ணுக்குள் ஊசி போட்டும் நிற்கவில்லை. "மார்கழி வரைக்கும்தான் கார் ஓடலாமாம். பிறகு லைசென்ஸைக் குடுக்கோணும்" என்று சொல்லியிருந்தான். வயது நாற்பத்து மூன்று.

"ஒருக்கா மச்சான். ஒரேயொருக்கா ஐஸிலை ஓடிப்போட்டு வாறன். பிறகு என்னைக் கையிலை பிடிச்சுக் கூட்டிக்கொண்டு திரி."

அவன் கெஞ்சி நான் அன்றுதான் பார்த்தேன்.

இங்கே நடுக்குளிர் காலமான ஆடி மாதம் ஒரு வெள்ளிக்கிழமை நாலு டயரும் முடிந்தன. திங்கள் காலை டயர்ப் பெட்டி நியூசிலாந்துக்குப் புறப்பட வேண்டும். தவறினால் போட்டிக்கு முன் போய்ச் சேராது. புதுச் சில்லுக்கு அர்ச்சனை செய்து, எலுமிச்சங்காய் நசித்துத்தான் அனுப்ப வேண்டும் என்றாள் கமலினி. டயரைத் தூக்கிக்கொண்டு போய் ஐயரிடம் காட்டியிருக்கலாம். இந்த மடையன் நாலையும் தன் காரில் பூட்டி, சனிக்கிழமை காலை அவளையும் ஏற்றிக்கொண்டு, கரம் டவுன்ஸ் கோயிலுக்குத் தார் ரோட்டில் ஓட்டிப்போனான். தகர டப்பாவில் கல்லைப் போட்டுக் குலுக்கியது போல வழி முழுக்கச் சத்தமாம். ஐயர் குங்குமம் வைத்தார். எலுமிச்சங்காய் நசிந்தது. திரும்பி வருகையில் போல்ட் நுனிகள் தாரில் மழுங்கி, இரண்டு டயருக்குக் காற்றும் போய்விட்டது.

ஞாயிறு காலை கமலினி எனக்குப் போன் எடுத்து அழுதாள். "அண்ணா, நான்தான் கெடுத்துப்போட்டன். நான் கோயில் கோயிலெண்டு நிண்டிருக்காட்டி அவர் போய் ஓடியிருப்பார்."

போனேன். கராஜ் நிலத்தில் உட்கார்ந்து சுஜீதன் போல்ட்டுகளைக் கழற்றிக்கொண்டிருந்தான். விரல்களில் இரத்தம். நுனிகளைத் திரும்பத் தீட்டலாம், டியூப்பை மாற்றலாம், இரண்டு பேர் நின்றால் பொழுதுபடுவதற்குள் முடித்துவிடலாம் என்று சொல்லிக்கொண்டே ஒரு டயரை வெளிச்சத்துக்குத் திருப்பினேன். துளைகள் பாதிக்கு மேல் தடித்த ரப்பரில் இல்லை, நடுவே ஓடும் பள்ளத்தில் இருந்தன. அங்கே ரப்பர் மெல்லியது. ரோட்டில் ஓடாமலிருந்தாலும் அந்த டயர் பனிக்கட்டியில் கிழிந்திருக்கும். நேற்று வேலைக்கு வந்தவன்கூட விடமாட்டாத பிழை.

எரிச்சலோடு நிமிர்ந்தேன். அவன் என் முகத்தைப் பார்க்கவில்லை. என் காதுக்குப் பக்கத்தில் எங்கோ பார்த்துக்கொண்டிருந்தான். நேரே இருப்பது அவனுக்குத் தெரிவதில்லை என்பது அப்போதுதான் எனக்கு உறைத்தது.

"அவளுக்குச் சொல்லாதை" என்றான் மெதுவாக. "தீட்டி மட்டும் தா. நான் சமாளிப்பன்."

"இந்த டயரிலையோ? சாகப் போறியோ?"

"எனக்கு வேறை என்னடா இருக்கு?"

கமலினி தேத்தண்ணியோடு வாசலுக்கு வந்தாள். கண்கள் வீங்கியிருந்தன. "எல்லாம் என்னாலைதான்" என்றாள் மறுபடியும். எனக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. நான் வாயைத் திறப்பதற்குள் அவனே பேசினான்.

"உன்னாலை இல்லை, கமலி. துளை போட்டது பிழை. எனக்குக் கண் தெரியேல்லை. மார்கழியெண்டு சொன்னது பொய். டொக்டர் சித்திரையிலேயே கார் ஓட வேண்டாமெண்டு சொல்லிட்டார்."

அவள் கோப்பைகளை நிலத்தில் வைத்தாள்.

"நேற்று என்னை ஏத்திக்கொண்டு போகேக்கை உங்களுக்கு றோட்டுத் தெரிஞ்சதோ?"

"ரெண்டு கரையும் தெரிஞ்சது" என்றான். "நடு தெரியேல்லை."

கமலினி கையை நீட்டினாள். அவன் சட்டைப் பையிலிருந்து கார்ச் சாவியை எடுத்து, அவளுடைய கை எங்கே என்று தேடிக் கொடுத்தான்.