அப்ப கழுதை ஆர்?

என் கணவர் வாழ்நாளில் எழுதியது ஒரேயொரு புத்தகம். அமெரிக்க அரசியலைப் பற்றிய நையாண்டி. அமெரிக்காவை அவர் கண்ணால் கண்டவரல்ல. காங்கேசன்துறைக் கடற்கரை வரை போனவர், கப்பல் ஏறியவரல்ல. சண்டிலிப்பாயில், எங்கள் வீட்டுக்குப் பின்னாலிருந்த தகரக் கொட்டகையில், உயர்தர வகுப்புப் பிள்ளைகளுக்கு அரசறிவியல் படிப்பித்தார். பாடத்திட்டத்தில் அமெரிக்க அரசியல் யாப்பும் இருந்தது. வருடா வருடம் அதைப் படிப்பித்ததில் அந்த நாட்டு அரசியல்வாதிகள் எங்கள் ஒழுங்கையில் குடியிருப்பவர்கள் போல அவருக்குப் பழக்கமாகிவிட்டார்கள். மத்தியான வெயிலில் பிள்ளைகள் தூங்கி விழாமலிருக்க அவர்களைப் பற்றிப் பகிடி விடுவார். அடுப்படியில் நின்று நானும் சிரித்திருக்கிறேன். அந்தப் பகிடிகளைத்தான் கடைசியில் புத்தகமாக்கினார்.

தொண்ணூறுகளின் தொடக்கம் அது. அரசாங்கம் போட்ட தடையால் எங்கள் பக்கத்துக்கு மண்ணெண்ணெய், சவர்க்காரம், பற்றறி எதுவும் ஒழுங்காக வராத காலம். கடதாசியும் வராது. பள்ளிக் கொப்பிகளின் கோடு போட்ட தாளில்தான் புத்தகத்தை அச்சடித்தார்கள். மின்சாரம் இல்லாததால் அச்சு இயந்திரத்தைக் காலால் மிதித்து ஓட்டினார்கள். சில பக்கங்களில் எழுத்து நீலக் கோட்டின் மேலே நிற்கும், சில பக்கங்களில் கோடு எழுத்தின் வயிற்றைக் கீறிக்கொண்டு போகும். அவர் அதைத் தடவித் தடவிப் பார்த்தார். எங்கள் மகள் பிறந்தபோதுகூட அந்த மனிதர் அப்படிப் பார்க்கவில்லை.

வாசிகசாலையில் வெளியீட்டு விழா வைத்தார்கள். எங்கள் ஆட்களுக்குச் சோறு இல்லாவிட்டாலும் வெளியீட்டு விழா வேண்டும். தலைமையுரை, வெளியீட்டுரை, மதிப்பீட்டுரை, ஏற்புரை என்று ஒன்றும் குறையக் கூடாது. நடுவில் குண்டு போடும் விமானம் வந்தால் எல்லோரும் எழுந்து பதுங்குகுழிக்குள் இறங்குவார்கள். அது போனதும் மண்ணைத் தட்டிக்கொண்டு வந்து, பேசினவர் விட்ட வசனத்திலிருந்து தொடங்குவார். அன்று விமானம் வரவில்லை. வந்திருந்தால் நல்லது என்று பிறகு நான் நினைத்ததுண்டு.

மதிப்பீட்டுரை செய்தவர் ஓய்வுபெற்ற ஒரு பள்ளி அதிபர். புத்தகத்தில் இரண்டு கட்சிகள் வருகின்றன. ஒன்றின் சின்னம் யானை, மற்றதின் சின்னம் கழுதை. அமெரிக்காவில் மெய்யாகவே அப்படித்தான். ஆனால் எங்கள் நாட்டில், தெற்கில் அப்போது ஆட்சியிலிருந்தவர்களின் தேர்தல் சின்னமும் யானை. அதிபர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டு, ஒரு பெரிய இரகசியத்தைக் கண்டுபிடித்தவர் மாதிரிச் சிரித்தார்.

"மாஸ்டர் கெட்டிக்காரன். அமெரிக்கா எண்டு பேர் வைச்சிருக்கிறார். யானை எண்டால் ஆர் எண்டு இஞ்சை சின்னப் பிள்ளைக்கும் தெரியும்" என்றார்.

சபை கை தட்டியது. அப்போதுதான் பின்வரிசை வாங்கிலிருந்து ஒருவர் எழுந்தார். கூட்டுறவுச் சங்கக்கடையில் முன்பு மனேச்சராக இருந்தவர். எங்களுக்கு இரண்டு வளவு தள்ளி வீடு. மனைவி நெடுநாளைக்கு முன்பே காலமாகிவிட்டார். இருந்த ஒரே மகனும் இயக்கத்துக்குப் போய், அரசாங்கத்தோடு நடந்த சண்டையில் செத்து வருடம் திரும்பவில்லை.

"சரி, யானை அவங்கள் எண்டு வைப்பம்" என்றார். "யானையை எதிர்த்து நிக்கிறது கழுதை எண்டு எழுதியிருக்கு. அப்ப கழுதை ஆர்?"

கை தட்டினவர்கள் எல்லோரும் கையை மடியில் வைத்துக்கொண்டார்கள். அப்போது ஊர் இயக்கத்தின் கையில் இருந்தது. யானையை எதிர்த்து நிற்பவர் யார் என்று யாருக்கும் சொல்லிக் கொடுக்கத் தேவையில்லை.

என் கணவர் ஏற்புரைக்கு எழுந்தார். எழுதி வைத்திருந்த நன்றியுரையைச் சட்டைப் பைக்குள் திரும்ப வைத்தார். "அமெரிக்காவிலை மெய்யாவே அந்தக் கட்சிக்குக் கழுதைதான் சின்னம். நான் உண்டாக்கின கதையில்லை" என்றார். அவரிடம் படித்த பெட்டைகள் இரண்டு பேர் ஓம் ஓம் என்று தலையாட்டினார்கள். அவர்களை யார் பார்த்தார்கள்?

"உதென்ன கதை மாஸ்டர்? எந்த விசரன் தன்ரை கட்சிக்குக் கழுதையைச் சின்னமா வைப்பான்?" என்று யாரோ கேட்க, சபை மூச்சு வந்தது போலச் சிரித்தது.

மனேச்சர் சிரிக்கவில்லை. "என்ரை பிள்ளை கழுதைக்காகவோ செத்தவன்?" என்று கேட்டார். கேட்டுவிட்டுப் பதிலுக்கு நிற்காமல் சைக்கிளை எடுத்துக்கொண்டு போய்விட்டார்.

அன்றோடு ஊர் இரண்டாகப் பிரிந்தது. ஒரு பகுதி எங்களோடு கதைப்பதை விட்டது. கொட்டகைக்கு வந்த பிள்ளைகளில் அரைவாசிப்பேர் மானிப்பாயில் வேறொரு டியூட்டரிக்கு மாறினார்கள். கிணற்றடியில் என்னைக் கண்டால் வாளியைத் தூக்கிக்கொண்டு போனவர்களும் உண்டு. அவர்களை நான் பொறுத்துக்கொண்டேன். மற்றப் பகுதியைத்தான் பொறுக்க முடியவில்லை. பொழுது சாய ஒவ்வொருவராக வந்து, படலையை மெல்லச் சாத்திவிட்டு, "துணிஞ்சு எழுதிப் போட்டியள் சேர், கழுதைக்கு நல்லாக் குடுத்திருக்கிறியள்" என்று காதோடு சொல்வார்கள். அதிபர் வந்தார். காணிக் கந்தோரில் கிளாக்கராக இருந்தவர் வந்தார். என் கணவர் அமெரிக்கா என்று வாயெடுத்தால் கண்ணைச் சிமிட்டுவார்கள். நான் வெறும் தேத்தண்ணியும் பனங்கட்டித் துண்டும் கொடுத்துக் களைத்தேன்.

அவர்கள் போனபின் அவர் சாய்மனைக் கதிரையில் கிடப்பார். ஒருநாள் சொன்னார்: "இஞ்சாரும், திட்டுறவனும் வாசிக்கேல்லை, புகழுறவனும் வாசிக்கேல்லை. அந்தக் குழந்தையளை முத்தமிடுற இடம் எவ்வளவு பகிடி, அதைப்பற்றி ஒருதரும் ஒரு சொல்லுச் சொல்லேல்லை." வேட்பாளர்கள் குழந்தைகளை முத்தமிட்டு வாய் நொந்துபோய், அதற்கென்று சம்பளத்துக்கு ஆள் பிடிக்கும் அத்தியாயம் அது. நல்ல பகிடிதான். நான் சொன்னேன். மனைவி சொல்வது கணக்கில் சேராது போலிருக்கிறது, அவர் முகம் மலரவில்லை.

அந்த வருடந்தான் அவருடைய கண் கெடத் தொடங்கியது. நெடுநாளாகச் சலரோகம். சீனியே கிடைக்காத ஊரில் இந்த மனிதருக்குச் சீனி வியாதி என்று நான் நக்கலடிப்பதுண்டு. ஒரு காலை எழுந்து, கொட்டகைச் சுவரில் கறுப்பாக ஏதோ வழிகிறது என்றார். சுவரில் ஒன்றுமில்லை. ஆஸ்பத்திரியில் கண் வைத்தியர் பார்த்துவிட்டு, கண்ணுக்குள் இரத்தம் கசிகிறது, இங்கே அதற்குரிய இயந்திரம் இல்லை, மாரி தொடங்க முன்னம் கொழும்புக்குக் கொண்டுபோங்கள், பிந்தினால் என்னைக் கேட்கக் கூடாது என்றார்.

கொழும்புக்குப் போக இயக்கத்திடம் பாஸ் எடுக்க வேண்டும். போகிறவர் திரும்பி வருவார் என்று ஊரில் ஒருவர் பொறுப்பு நின்று கையெழுத்து வைக்க வேண்டும். வராவிட்டால் கையெழுத்து வைத்தவர்தான் பதில் சொல்ல வேண்டும், அவருடைய காணி வீட்டுக்கும் உத்தரவாதமில்லை. நான் முதலில் அதிபரிடம் போனேன். வீட்டில் குமர்ப்பிள்ளைகள் இருக்கிறார்கள் என்றார். கிளாக்கருக்குப் பென்சன் அலுவல் ஏதோ இழுபட்டுக்கொண்டிருந்தது. துணிவைப் புகழ வந்த அத்தனை பேரிடமும் போனேன். ஒருவரும் இல்லையென்று சொல்லவில்லை. பிறகு பார்ப்போம் என்றார்கள். பகிடியை நம்புகிற மனிதனை நான் கட்டினேன், இந்த மனிதர்களை நம்பினேன், இரண்டும் ஒரே மடைத்தனந்தான்.

பொறுப்பு நிற்க ஆள் கிடைக்காமலே இயக்கத்தின் பாஸ் அலுவலகத்துக்குப் போனோம். பொறுப்பாளருக்கு முப்பது வயதிருக்கும். மரியாதையாகத்தான் கதைத்தார். மேசையில் எங்கள் புத்தகம் கிடந்தது.

"நான் விழுந்து விழுந்து சிரிச்சனான் சேர்" என்றார். பக்கத்தைத் திருப்பி ஓரிடத்தை வாய்விட்டு வாசித்தார். கழுதைக் கட்சியின் மாநாடு. தலைவர் சொன்னது சரியென்று எல்லோரும் எழுந்து தீர்மானம் நிறைவேற்றுகிறார்கள். பிறகுதான் ஒருவர் மற்றவரிடம், தலைவர் என்ன சொன்னவர் என்று கேட்கிறார். வாசித்து முடித்து உண்மையாகவே சிரித்தார். பிறகு புத்தகத்தை மூடினார்.

"இது ஆரை மனசிலை வைச்சு எழுதினது?"

"அமெரிக்கரை, தம்பி."

"பகிடி விடாதையுங்கோ சேர். எனக்கு மட்டும் சொல்லுங்கோ. கழுதை ஆர்?"

எனக்குப் பொறுக்கவில்லை. நான் முந்திக்கொண்டேன். "தம்பி, அது தெற்கிலை இருக்கிற எதிர்க்கட்சி. யானையும் அவங்கள், கழுதையும் அவங்கள்." பொறுப்பாளரின் முகம் தெளிந்தது. பாஸ் படிவம் எடுக்க மேசை இலாச்சியை இழுத்தார். அந்தச் சத்தம் எனக்குக் கோயில் மணி போலக் கேட்டது.

"இல்லைத் தம்பி" என்றார் என் கணவர். "அவ என்னைக் காப்பாத்திறதுக்காக அப்பிடிச் சொல்லுறா. அது அமெரிக்கக் கட்சிதான்."

இலாச்சி மூடியது. "யோசிச்சுப்போட்டு வாங்கோ சேர். பொறுப்புக்கு ஆளையும் பிடிச்சுக்கொண்டு வாங்கோ" என்றார் அந்தப் பிள்ளை.

வெளியே வந்ததும் நடுத்தெருவில் நின்று அவரை ஏசினேன். "உங்கடை கண் போகுது. அமெரிக்காக்காரன்ரை கழுதைக்கு நீங்கள் ஏன் வழக்காடுறியள்?"

"நான் வாழ்க்கையிலை எழுதினது அது ஒண்டுதான். அதுவும் பொய்யெண்டு நானே சொன்னால் பிறகு என்னட்டை என்ன இருக்கும்?"

"கண் இருக்கும்" என்றேன்.

நான் உருட்டி வந்த சைக்கிளின் பாரில் அவர் கையை வைத்துத் தடவித் தடவி நடந்தார். எனக்கு அன்று வந்த கோபம் இன்றும் ஆறவில்லை. அவர் செய்தது சரி என்று சொல்பவர்கள், குருடாகிற ஒரு மனிதருக்கு ஒரு மாதம் சோறு பிசைந்து கொடுத்துப் பார்க்கட்டும்.

மாரி தொடங்கியது. கொட்டகைத் தகரத்தில் மழை கொட்டிக்கொண்டிருந்த ஒரு பின்னேரம், தலையில் உரச்சாக்கைக் கவிழ்த்துக்கொண்டு மனேச்சர் வந்தார். விழாவுக்குப் பிறகு எங்கள் படலையை அவர் மிதிக்கவில்லை. உள்ளே வரச் சொன்னேன், வரவில்லை. தாழ்வாரத்தில் நின்றபடியே சொன்னார்: "மாஸ்டர், உங்கடை புத்தகம் குப்பை. நான் சாகுமட்டும் அதைத்தான் சொல்லுவன். நாளைக்குக் காலமை வெளிக்கிட்டு நில்லுங்கோ. நான் கையெழுத்து வைக்கிறன்."

மகனைக் கொடுத்த தகப்பன் பொறுப்பு நின்றால் யாரால் மறுக்க முடியும்? அன்று பொறுப்பாளர் கழுதையைப் பற்றிக் கேட்கவில்லை. கையெழுத்து வைக்கும்போது மனேச்சர் எங்களைத் திரும்பியும் பார்க்கவில்லை. பாஸ் கிடைத்தது.

கிளாலியில் வள்ளம் ஏறி, தாண்டிக்குளத்தில் இராணுவச் சோதனை வரிசையில் கால் கடுக்க நின்று, கொழும்புக்குப் போய்ச் சேர்ந்தோம். பெரிய வைத்தியர் விளக்கைப் பிடித்து ஒரு கண்ணைப் பார்த்தார், மற்றக் கண்ணைப் பார்த்தார். பிறகு அவரை விட்டுவிட்டு என்னைப் பார்த்துத்தான் கதைத்தார். மழைக்கு முன்னம் வந்திருந்தால் ஒரு கண்ணையாவது காப்பாற்றியிருக்கலாம் என்றார். என் கணவர் மேசையின் பக்கம் திரும்பி, வைத்தியர் இல்லாத திசைக்கு நன்றி சொன்னார்.

கனடாவிலிருந்து மகள் தொலைபேசியில் அழுதாள். "அம்மா, திரும்பிப் போகாதையுங்கோ. அங்கேயே நில்லுங்கோ, நான் இரண்டு பேரையும் கூப்பிடுறன்." எனக்கு நிற்கத்தான் ஆசை. வெளிச்சமான தெரு, கடையில் குவித்திருந்த சவர்க்காரம், விமானச் சத்தம் கேட்டால் யாரும் ஓடாத ஊர். ஆனால் நாங்கள் நின்றால் மனேச்சரைப் பிடிப்பார்கள். மகனையும் கொடுத்துவிட்டு, எங்களுக்காக அந்த மனிதர் இருக்கிற வளவையும் கொடுப்பதா? என் கணவருக்கும் எனக்கும் அன்று ஒரு விஷயத்தில் மட்டும் மனம் ஒத்துப்போனது. மகளுக்குச் சொல்லிவிட்டுத் திரும்பினோம்.

ஊருக்கு வந்ததும் வீட்டுக்குப் போகமுன் மனேச்சர் வீட்டுக்குத்தான் போனோம். அவர் முற்றத்தில் மழை வெள்ளம் ஓட வாய்க்கால் வெட்டிக்கொண்டு நின்றார். எங்களைக் கண்டதும் மண்வெட்டியைப் போட்டுவிட்டுப் படலைக்கு வந்தார். என் கணவர் என் தோளில் கை வைத்து நின்றதைப் பார்த்தார்.

"கண்?"

"சரிவரேல்லை அண்ணை. பிந்திப் போச்சுதாம்" என்றேன்.

அவருடைய வாய் கோணியது. "பிறகேன் வந்தனீங்கள்?"

"நீங்கள் பொறுப்பு நிண்டனீங்களெல்லோ. வராமல் எப்பிடி நிக்கிறது?" என்றேன்.

அவர் படலையைத் திறக்கவில்லை. இரண்டு கையாலும் அதைப் பிடித்துக்கொண்டு, அடிபட்டவர் போல எங்களையே பார்த்துக்கொண்டு நின்றார்.

"நீங்கள் வரமாட்டியள் எண்டு நினைச்சுத்தானே தங்கச்சி நான் கையெழுத்து வைச்சனான்" என்றார். "என்னட்டை எடுக்கிறதுக்கு அவைக்கு இனி என்ன கிடக்கு?"